நான்காவது பந்தயம் முடிந்த விதம்

அந்த வெள்ளிக்கிழமையின் நான்காவது பந்தயம் மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குத் தொடங்கி, பதினோரு வருஷமும் நாற்பத்தாறு நாளும் கழித்து முடிந்தது. எட்டுக் குதிரைகள் ஓடின. ஏழு குதிரைகள் ஒன்றரை நிமிடத்தில் எல்லைக் கம்பத்தைத் தாண்டிவிட்டன. அவற்றில் இரண்டு, பின்னங்கால் நரம்பு இழுத்துக்கொண்டு நொண்டியபடிதான் லாயத்துக்குப் போயின என்றாலும், தாண்டியது தாண்டியதுதான். எட்டாவது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள செம்பழுப்புப் பெட்டைக் குதிரை, கடைசி வளைவில் நானூறு மீட்டர் பாக்கி இருக்கும்போது மெதுவாகி, மேலும் மேலும் மெதுவாகி, பார்க்கிறவர்கள் கண்ணுக்கு நின்றே விட்டது. உண்மையில் அது நிற்கவில்லை. கோடையில் நாளொன்றுக்கு மூன்று விரற்கடையும் குளிர்காலத்தில் அரைச் சாணும் முன்னால் வந்துகொண்டிருந்தது. அதன் மேல் குனிந்திருந்த ஜாக்கிக்கு ஒரு மூச்சு இழுத்து விட ஒரு வருஷம் ஆனது. கணக்குத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து பார்த்து, இந்த வேகத்தில் போனால் கம்பத்துக்கு வர எப்படியும் பதினான்கு வருஷம் பிடிக்கும் என்றார்கள்.

இத்தனைக்கும் காரணம் தளம்தான், வேறொன்றும் இல்லை. முன்பு அங்கே புல் இருந்தது. மழை பெய்தால் சேறாகும், வெயில் அடித்தால் கல்லாகும், வருஷத்தில் இருபது நாள் பந்தயம் ரத்தாகும். அந்த வெள்ளிக்கிழமைக்கு மூன்று வருஷத்துக்கு முன் கோட்டு போட்ட ஒரு விற்பனையாளர் வந்து, மணலும் கிழிந்த கம்பள நாரும் ரப்பர் தூளும் கலந்து மெழுகில் புரட்டிய தளம் ஒன்றைப் பற்றி நாள் முழுக்கப் பேசினார். மழை, வெயில், பனி எதுவும் அதை ஒன்றும் செய்யாதாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம், பத்து வருஷம் கைவைக்க வேண்டாம். பந்தய மன்றத்தார் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். தளம் வந்தது. முதல் வருஷமே மெழுகு காய்ந்து மறுபடி ஊற்ற வேண்டியிருந்தது. நார் பறந்து வைக்கோலில் விழுந்து குதிரைகளின் குடலில் பந்தாகச் சுருண்டது. தூசி தின்ற ஜாக்கிகள் ஊரெல்லாம் கேட்க இருமினார்கள். காலையில் ஓடிய குதிரையும் மதியம் ஓடிய குதிரையும் ஒரே தளத்தில்தான் ஓடின என்று சத்தியம் செய்தாலும் பந்தயம் கட்டுகிறவர்கள் நம்பவில்லை, அவர்களும் வேறு மைதானம் பார்த்துக்கொண்டு போனார்கள். ஆனால் நுழைவாயிலில், தினமும் தரையின் தன்மையைச் சுண்ணக்கட்டியால் எழுதிய கரும்பலகையைக் கழற்றிவிட்டு மாட்டிய தகரப் பலகையில் மட்டும் "தரை: வழக்கம் போல" என்று பெயின்டில் எழுதியிருந்தது. ஒருமுறை எழுதினால் போதுமே, செலவு மிச்சம்.

அந்தத் தளத்தைச் சீவிவிடுகிறவள் அந்த எட்டாவது குதிரை ஜாக்கியின் மனைவி. டிராக்டர் பின்னால் இரும்புப் பல் வைத்த சட்டத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு, பந்தயத்துக்குப் பந்தயம் மூன்று சுற்றுப் போவாள். இறுகிய கட்டியெல்லாம் அந்தப் பல்லில் உடைந்து தூளாகும். அந்த வெள்ளிக்கிழமை மதியம் வளைவில் மெழுகு இளகிப் பல்லில் அப்பிக்கொண்டு வந்ததை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு மைதான மேலாளரிடம் போய்ச் சொல்லவும் செய்தாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஏம்மா, வாசல்ல போர்டப் பாத்தியா? அதுல என்ன எழுதியிருக்கு?" என்றார். அவள் திரும்பி வந்து இரண்டு சுற்றுப் போனாள். மூன்றாவது சுற்றுப் போகவில்லை. சொன்ன பேச்சை யாரும் காதில் வாங்காதபோது நமக்கு மட்டும் என்ன என்ற கோபம். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு சலிப்பு. அந்தச் சலிப்பில் அவளுக்கு மிச்சமானது இரண்டு நிமிடம். அதை நினைத்து அவள் அழவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ மரத்துப்போய்விட்டது என்று லாயக்காரர்களிடம் ஒருநாள் சொன்னாள், பல் வலிக்கு ஊசி போட்டது போல இருக்கிறது என்று.

பந்தய விதி தெளிவாக இருந்தது. கடைசிக் குதிரை கம்பத்தைத் தாண்டும் வரை, அல்லது ஜாக்கியே கடிவாளத்தை இழுத்து விலகும் வரை பந்தயம் நடந்துகொண்டிருக்கிறது. நடக்கும் பந்தயத்தில் தளத்தைப் பெயர்க்கக் கூடாது. நடுவர் கூண்டில் ஒருவர் தொலைநோக்கியோடு உட்கார்ந்தே ஆக வேண்டும். முதல் வாரத்தில் மன்றத்தார் பொறுக்க முடியாமல் குதிரைக்குப் பின்னால் ஒரு அடி தோண்டிப் பார்த்தார்கள். மண்வெட்டி இறங்கிய மாத்திரத்தில் குதிரையின் பின் குளம்பு மேலிருந்து கீழாக விரிசல் விட்டது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, அந்த மெழுகை வெட்டினால் குதிரையும் ஆளும் சேர்ந்து உடைவார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதன்பின் விதியைக் காட்டித்தான் அந்தத் தளம் தப்பித்துக்கொண்டிருந்தது. ஏதாவது ஒரு சாக்கில் பந்தயம் செல்லாது என்று ஆகிவிட்டால் மறுநாளே தளத்தைத் தோண்டும் இயந்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்த ஒப்பந்தக்காரர் தயாராக இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அந்தத் தளம் ஒழிய வேண்டும். டிராக்டர்காரிக்கும்தான், ஆனால் புருஷன் வந்து சேர்ந்த பிறகு.

அவள் வேலையை விடவில்லை. டிராக்டருக்கும் நடந்துபோகிறவர்களுக்கும் அந்த மெழுகு எதுவும் செய்யவில்லை, அன்று கடைசியாக ஓடியவனை மட்டும்தான் பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் அவள் புருஷனை ஒரு முழம் தள்ளிச் சுற்றிக்கொண்டு போனாள். தொடக் கூடாது. வெளியாள் கை பட்டால் பந்தயம் செல்லாது. எதிரே உள்ள தரையைச் சீவலாம், அது தளப் பராமரிப்பு. தண்ணீர் தெளித்தால் மெழுகு இறுகி வேகம் கூடுவதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். மேலாளரிடம் தண்ணீர் கேட்டபோது, "வெயிலுக்கு அசையாத தளம்னு வாங்கிட்டு அதுக்குப் போய்த் தண்ணி ஊத்துனா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவள் குதிரை கழுவும் குழாயை இழுத்துவந்து ஊற்றினாள். நாலு பேர் சிரித்தார்கள்தான். பதினான்கு வருஷம் பதினொன்றாகக் குறைந்தது.

முதல் கோடையிலேயே அவள் அந்தக் கட்டியைப் பார்த்துவிட்டாள். முன்னால் ஓடிய குதிரைகளின் குளம்பு கிளப்பிவிட்ட துணுக்குகள் அன்றைக்கு நின்ற இடத்திலேயே காற்றில் நின்றன. பெரும்பாலானவை முழங்கால் உயரம், தொந்தரவு இல்லை. ஒன்று மட்டும், எலுமிச்சம்பழ அளவு, நார் பிதுங்கிய மெழுகுக் கட்டி, எழுபதடி முன்னால் ஜாக்கியின் இடது கண்ணுக்கு நேராக நின்றது. கண்ணாடியில் தூசி அப்பியதால் அவன் அதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தான். மூன்றாவது சுற்றுப் போயிருந்தால் இரும்புப் பல்லில் உடைந்து தூளாகியிருக்க வேண்டிய கட்டி அது. அவள் நடுவர் கூண்டின் படி ஏறிப்போய், அதை எடுத்துப் போடலாமா என்று கேட்டாள். நடுவர் நல்ல மனுஷர். இரண்டு நாள் புத்தகம் புரட்டிவிட்டுச் சொன்னார்: "தரையில கெடந்தா அது தளம், எடுத்துக்க. காத்துல நின்னா அது பந்தயம்மா. நான் பாத்துட்டு பாக்கலன்னு சொல்ல முடியாது."

அவள் நாடா வைத்து அளந்து, கட்டி கண்ணைத் தொடப்போகும் நாளைக் குறித்துக்கொண்டாள். இந்த விஷயத்தை மாமியாரிடம் மறைத்துவைக்க அவளுக்குத் தெரியவில்லை, ஒரே அடுக்களையில் புழங்குகிறவர்களிடம் எதை மறைப்பது. குறித்த நாளுக்கு முந்தின நாள் காலை மாமியார் குடையை ஊன்றிக்கொண்டு லாயத்து வாசல் வழியாக உள்ளே வந்து, நேராக வளைவுக்கு நடந்து, மகனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டியை நோக்கிக் கையை நீட்டினார். டிராக்டர்காரி வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுடி! ஒரு கை நீட்டுனா வந்துடும்."

"எடுத்தீங்கன்னா ரேஸ் செல்லாது அத்தை. நாளைக்கே மிஷின கொண்டாந்து தோண்டிடுவாங்க."

"எம்புள்ள கண்ணுடி அது!"

"கண்ணோட போகட்டும் அத்தை. தோண்டுனா ஆளே மிஞ்ச மாட்டாரு."

"நீ போகாம விட்ட சுத்துதானடி இது? சொல்லு, உன் வாயால சொல்லு."

"ஆமா அத்தை. நான் விட்டதுதான்."

பிடித்த கையை அவள் விடவில்லை. கட்டிக்கும் மாமியாரின் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. கூண்டில் நடுவர் தொலைநோக்கியை இறக்காமல் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்குப் பிடித்த கை, மாமியார் கால் ஓய்ந்து தரையில் உட்கார்ந்த ஒரு மணி வரை பிடித்தபடியே இருந்தது. மறுநாள் தூறலில் அவள் ஒன்பது சுற்றுப் போனாள். முதல் சுற்றில் கட்டி இமையைத் தொட்டிருந்தது. நான்காவது சுற்றில் இமையைக் காணவில்லை. ஒன்பதாவது சுற்றில் அவள் அந்தப் பக்கம் பார்த்தாள், பார்க்க வேண்டியது இனி ஒன்றும் இல்லை. வண்டியை நிறுத்திக் கழுவி, சட்டத்தின் பல்லில் இருந்த மெழுகைச் சுரண்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். மாமியார் அன்று தொடங்கிச் சுவரோடுதான் பேசினார். "சாப்பாடு மூடி வெச்சிருக்கு", "கதவு தாழ் சரியா விழல", "இருமலுக்கு மருந்து அலமாரில இருக்கு" என்று எல்லாம் சுவருக்கே சொல்லப்பட்டன. மருமகளும் சுவருக்கே பதில் சொன்னாள். ஒன்பதாவது வருஷம் மாமியார் சுவரைப் பார்த்து, "அவன் வந்தா அம்மா எங்கன்னு கேப்பான்" என்றார். அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். அதற்குள் மேலாளர்கள் இரண்டு பேர் மாறியிருந்தார்கள், நடுவர் ஓய்வுபெற்றுக் கூண்டில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார், விற்பனையாளரின் நிறுவனமே இழுத்து மூடப்பட்டிருந்தது. டிராக்டர்காரியின் தலைமுடியும் புருவமும் மெழுகுத் தூசியில் சாம்பல் பூத்துவிட்டன.

குளிர்காலத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குக் குதிரையின் மூக்கு கம்பத்தைத் தாண்டியது. தாண்டிய மாத்திரத்தில் வேகம் திரும்பிவிட்டது. குதிரை இருநூறு மீட்டர் ஓடித்தான் நின்றது. தளத்தின் விளிம்பில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள், யாரும் கைதட்டவில்லை. என்ன செய்வது என்று தெரியவில்லை. ஜாக்கி இறங்கி, சேணத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தியபடி வந்தான். விரலிடுக்கில் ரத்தம் புதிதாக வழிந்தது. விளிம்பருகே நின்றவளிடம் வந்து நின்றான்.

"அக்கா, என் பொஞ்சாதி இங்கதான் நிப்பா, டிராக்டர் ஓட்டுறவ. பாத்தீங்களா?"

எடை போடுமுன் யாரும் ஜாக்கியைத் தொடக் கூடாது, அதுவும் விதி. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எங்கயும் போகல. மொதல்ல எடை போட்டுட்டு வாங்க" என்றாள். எடை சரியாக இருந்தது. எட்டாவது இடம் என்று அறிவித்தார்கள்.

வெளியே வந்தவனிடம் அவள் தான் யார் என்று சொன்னாள், அம்மா போய்விட்டதைச் சொன்னாள். காயத்தைக் கட்டிக்கொண்டு வரும் வரை காத்திருந்து, மூன்றாவது சுற்றையும், மூன்று மணி நேரம் பிடித்திருந்த கையையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை, குரலும் மாறவில்லை. அவன் கேட்டுக்கொண்டான். எத்தனை வருஷம் என்று கேட்டான், சொன்னாள். இயந்திரங்கள் வாசலில் வந்து நின்றுவிட்டதால் ஓரமாக ஒதுங்கி இருவரும் சாலைக்கு வந்தார்கள். அவனுக்கு இன்னும் இருபத்தாறு வயதுதான், நீட்டி நடந்தான். நாலு எட்டு வைப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்து, மூச்சு வாங்கி, பின்தங்கிவிட்டாள். அவன் கொஞ்ச தூரம் போய்த்தான் கவனித்தான். நின்றான். திரும்பி, இருக்கிற ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தபடி, அவள் வந்து சேரும் வரை அங்கேயே நின்றான்.