நாற்பது பேரும் ஒருத்தியும்

காலையில் பல் துலக்கி முடிப்பதற்குள் அவள் மூன்று நிறுவனங்களுக்காகப் பதில் எழுதி முடித்திருப்பாள். ஒரு கையில் பிரஷ், மறு கையில் போன். அலுவலகத்தில் அவளுக்கு ரேடார் என்று பெயர். எந்த மூலையில் யார் எந்த நிறுவனத்தைத் திட்டி இரண்டு வரி போட்டாலும் மூன்று நிமிடத்துக்குள் அவள் கண்ணில் பட்டுவிடும். ஐந்தாவது நிமிடத்தில் பதில் போய்விடும்.

அவள் வேலை பார்த்தது ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில். அடுத்தவர் கம்பெனியின் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் தொழில். முன்பெல்லாம் பத்திரிகைக்காரர்களுக்கு நாலு செய்தி அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம். இப்போது சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் ஊர் வேறு பேச்சுக்குப் போயிருக்கிறது. அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு போனையே பார்த்திருக்க வேண்டும். அதில் ரேடாரை அடிக்க ஆள் கிடையாது.

வேகம் மட்டும் அவள் திறமை என்று நினைத்துவிடக் கூடாது. அவளிடம் நாற்பது பேர் இருந்தார்கள். ஒரு பல் டாக்டர், ஒரு கோபக்கார வக்கீல், இரட்டைக் குழந்தை பெற்ற ஒரு அம்மா, பூனை வளர்க்கும் ஒரு பழைய வங்கிக்காரர் என்று சமூக வலைத்தளங்களில் நாற்பது கணக்குகள். நாற்பதுமே அவள் உண்டாக்கியவை. ஒவ்வொருவருக்கும் பிறந்த நாள் உண்டு, குணம் உண்டு, பிடிக்காத நிறம் உண்டு. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். வாடிக்கை நிறுவனத்தை யாராவது குறை சொன்னால் இந்த நாற்பது பேரும் வரிசையாக வந்து, எங்கள் வீட்டில் பிரமாதமாக வேலை செய்கிறதே என்பார்கள். சந்தேகம் வராமலிருக்க நடுவில் தங்களுக்குள் சண்டையும் போட்டுக்கொள்வார்கள். பல் டாக்டருக்கு ஒருமுறை காய்ச்சல் என்று போட்டாள். முன்பின் தெரியாத நிஜ மனிதர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் டாக்டர் என்று எழுதினார்கள்.

அவள் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அந்த நாற்பது பேரில் ஒருத்தரையாவது பாத்திரம் தேய்க்க அனுப்பக் கூடாதா என்று கேட்பான். இதெல்லாம் சரியா என்று அவன் கேட்டபோது மட்டும், எல்லாரும்தான் செய்கிறார்கள் என்று பேச்சை முடித்துவிட்டாள்.

அந்த நாற்பது பேருக்கு அப்போது இருந்த பெரிய வேலை, ஒரு கெட்டில் கம்பெனி. தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரக் கெட்டிலில் புது மாடல் வந்திருந்தது. விளம்பரத்துக்கென்று அலுவலகத்துக்கு வந்த கெட்டில்களில் ஒன்றை ரேடார் தன் தையற்கடை அக்காவுக்குக் கொடுத்தாள். எட்டு வருஷமாக அவள் அலுவலக உடைகளைத் தைப்பவள் அந்த அக்காதான். வாங்கிக்கொண்டபோது அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கெட்டில் கம்பெனியின் வலைத்தளப் பக்கத்தில் ஒரு புகார் வந்தது. "இந்தக் கெட்டிலைத் தூக்கும்போது கைப்பிடி கழன்று கொதிக்கும் தண்ணீர் என் காலில் கொட்டிவிட்டது. தயவு செய்து யாரும் வாங்காதீர்கள்." எழுதியவருக்குப் படம் இல்லை. பெயருக்குப் பதில் நாலு எழுத்தும் எட்டு எண்ணும். கணக்கு பிறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. நண்பர் என்று ஒரு ஈ காக்கை கிடையாது.

ரேடாருக்குச் சிரிப்பு வந்தது. ஒரு போலி எப்படிப் பிறக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? போட்டிக் கம்பெனிக்காரன் வேலை. அதையும் இவ்வளவு சோம்பேறித்தனமாகச் செய்திருக்கிறானே என்று தொழில்காரிக்கே உரிய ஏளனம் வேறு. புகார்களைக் குறித்து வைக்கும் தன் பட்டியலில் சிவப்பு நிறத்தில் போலி என்று குறித்தாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் அந்தக் கணக்கின் மேல் புகார் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் கணக்கு முடக்கப்பட்டது. மேலாளர் எழுந்து நின்று கை தட்டினார். வெள்ளிக்கிழமை பெரிய விழா. பழைய பாத்திரம் எதைக் கொண்டு வந்தாலும் மாற்றாகப் புதுக் கெட்டில் என்று அறிவிக்கப் போகிறார்கள். அதற்குள் ஒரு கரும்புள்ளி வருவதாவது!

விழாவுக்குப் போடத் தைக்கக் கொடுத்திருந்த கோட்டை வாங்க, வியாழன் சாயங்காலம் தையற்கடைக்குப் போனாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனால், அக்கா மெஷின் முன் கோணலாக உட்கார்ந்திருந்தாள். வலது கால் ஒரு ஸ்டூலின் மேல், முழங்கால் வரை கட்டு. எட்டு வருஷமாக வலது காலால் மிதித்தவள் இடது காலால் பெடலை மிதித்துக்கொண்டிருந்தாள். தையல் கோணிக் கோணிப் போயிருந்தது. கோட்டின் ஒரு கையை இரண்டு தடவை பிரித்துத் தைத்தாயிற்று, இன்னும் சரியாக வரவில்லை என்று மன்னிப்புக் கேட்டாள்.

கால் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, சுடுதண்ணீர் கொட்டிவிட்டது, ஒன்றுமில்லை என்று மழுப்பினாள். ஆனால் அலமாரியில் நூல்கண்டுகளுக்குப் பக்கத்தில் அந்தக் கெட்டில் இருந்தது. கைப்பிடி இல்லை. ரேடார் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்கா என்கிட்ட சொல்லல?"

"நீ ஆசையா குடுத்தது. அதைப் போய் உன்கிட்டயே குறை சொன்னா நீ சங்கடப்படுவியே. ஆனா வேற யாராச்சும் வாங்கிக் குழந்தை குட்டி மேல கொட்டிட்டா என்ன ஆகும்? அதான் எங்க அக்கா பொண்ணுகிட்ட கேட்டு, போன்ல புதுசா கணக்குத் திறந்து எழுதிப் போட்டேன்." அக்கா நூலைக் கடித்துத் துப்பினாள். "மறுநாள் பாத்தா கணக்கே இல்ல, ஒரு செய்திதான் வந்திருக்கு. நான் போலியாம். நாப்பது பேர் என் மேல புகார் குடுத்திருக்காங்களாம். யாருன்னே தெரியாத நாப்பது பேருக்கு நான் என்னமா கெடுதல் பண்ணேன்?"

அக்கா மறுபடி பெடலை மிதித்தபடியே பேசினாள்.

"உனக்குத்தான் இந்த போன் விஷயமெல்லாம் அத்துப்படியாச்சே. அவங்க யாருன்னு கண்டுபிடிச்சு, நான் நிஜமான ஆளுதான்னு கொஞ்சம் சொல்லிடுறியா?"

பொய் சொல்லிவிட்டு வெளியே போயிருக்கலாம். நாளைக்குக் கணக்கை மீட்டுக் கொடுத்து நல்ல பெயரும் வாங்கியிருக்கலாம். அவளுக்குத் தெரிந்த வித்தைதான். எட்டு வருஷப் பழக்கம் அதைச் செய்ய விடவில்லை.

"அந்த நாப்பது பேரும் நான்தான்கா."

மெஷின் நின்றது. அக்காவுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. ரேடார் திரும்பத் திரும்ப விளக்கிச் சொன்னாள். கேட்டு முடித்தபின் அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ நான் எழுதினதை நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"கால்ல கொட்டிருச்சுன்னு படிச்சும் நம்பலையா?"

இல்லாத நாற்பது பேருக்கு உயிர் கொடுத்து, காய்ச்சல் வரவழைத்து, பிறந்த நாள் கொண்டாடியவள், இருக்கிற ஒருத்தியைப் பார்த்து நீ இல்லை என்று சொல்லியிருக்கிறாள். போலிகளோடே குடித்தனம் நடத்தினால் நிஜம்தான் போலியாகத் தெரியும். அவமானம் தாங்காமல் அங்கேயே அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் பட்டியலைத் திறந்தாள். அந்தக் கெட்டிலைப் பற்றி இரண்டு மாதத்தில் பதினேழு புகார்கள். பதினேழுக்கும் தன் கையாலேயே போலி என்று சிவப்பு அடித்திருந்தாள். ஒவ்வொருவருக்கும் தன் சொந்தப் பெயரில், சொந்த போன் எண்ணோடு ஒரே வரி எழுதினாள்: உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்கிறீர்களா? கணவன் கொண்டுவந்து வைத்த சாப்பாடு ஆறிப்போவதற்குள் பதினோரு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். அதில் ஒன்பது பேருக்குக் கைப்பிடி. ஒருவர் பள்ளிக்கூட எழுத்தர். ஒருத்தி கைக்குழந்தைக்குப் பால் கலக்கத் தண்ணீர் வைத்தவள். மயிரிழையில் குழந்தை தப்பியிருக்கிறது. யாருமே போட்டிக் கம்பெனிக்காரர் இல்லை. நாளை மதியம் இன்னும் எத்தனை வீட்டுக்கு இந்தக் கெட்டில் போகும் என்று நினைத்தவள், காலையிலேயே கெட்டில் முதலாளியைப் பார்க்க நேரம் கேட்டு எழுதினாள்.

விழா வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு. பத்து மணிக்கே கெட்டில் முதலாளியின் அறையில் அவள் நின்றாள். கூடவே அவள் மேலாளரும், கம்பெனியின் பழுது பார்க்கும் பிரிவுத் தலைவரும். ஒன்பது பேர் அனுப்பிய படங்களை மேஜையில் பரப்பி, விழாவை நிறுத்திவிட்டு விற்ற கெட்டில்களைத் திரும்ப வாங்க வேண்டும் என்று சொன்னாள். மேலாளருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தார்.

முதலாளி படங்களை ஒதுக்கித் தள்ளினார். இதெல்லாம் வேண்டாதவர்கள் கிளப்பிவிடுவது, வழக்கம்போல உங்கள் ஆட்களை விட்டுப் பாராட்டச் சொல்லுங்கள் என்றார்.

"அந்த நாப்பது பேர் வீட்டுலயும் உங்க கெட்டில் இல்ல சார்," என்றாள் ரேடார். "ஏன்னா அவங்களுக்கு வீடே இல்ல. இந்த ஒன்பது பேர் வீட்டுல இருந்துச்சு. இவங்களைப் போலின்னு உங்களுக்குச் சொன்னதே நான்தான். நான் சொன்னது தப்பு."

பிறகு விழாவுக்கு அடுக்கி வைத்திருந்த கெட்டில்களில் ஒன்றை எடுத்து, அங்கேயே தண்ணீர் ஊற்றிச் சொருகினாள். கொதித்ததும் அணைத்துவிட்டு மறுபடி கொதிக்கவைத்தாள். மூன்றாம் முறையும் கொதித்த பிறகு, எல்லோருக்கும் டீக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி முதலாளி முன் நகர்த்தி வைத்தாள். முதலாளி பழுது பார்க்கும் பிரிவுத் தலைவரைப் பார்த்தார். அந்த மனிதர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் ஊத்தமாட்டேன் சார். புது பிளாஸ்டிக் சூடு தாங்கலன்னு ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டிருக்கேன். வலைத்தளத்துல யாரும் குறை சொல்லலையே, எல்லாரும் பாராட்டுறாங்களேன்னு நீங்கதான் ஆறப் போட்டீங்க."

முதலாளி வீம்புக்காரர். சின்னப் பட்டறையில் தானே பற்றவைத்துக் கெட்டில் செய்து முன்னுக்கு வந்தவர். நானே ஊற்றுகிறேன் என்று கைப்பிடியைப் பிடித்து ஒரு விரல் உயரம் தூக்கினார். உள்ளேயிருந்து டக்கென்று ஒரு சத்தம். பட்டறைக்காரர் காதுக்கு அது போதும். மெதுவாகக் கீழே வைத்தார். தன் கால்களை ஒருதரம் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"என்ன எழுதணும்?" என்று கேட்டார்.

அவள் எழுதியே கொண்டு வந்திருந்தாள். "எங்கள் புதிய கெட்டிலின் கைப்பிடி சூட்டில் கழல்கிறது. தவறு எங்களுடையது. இன்றே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். எங்கள் ஆள் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு, கொடுத்த விலையைத் திருப்பித் தருவார். இதை முதலில் சொன்னவர்களை நாங்கள் நம்பவில்லை. அவர்கள் வாயை அடைத்தோம். மன்னியுங்கள்."

கடைசி மூன்று வரிகளை மட்டும் எடுத்துவிடலாமே என்று மேலாளர் குழைந்தார். முதலாளி அவரைத் திரும்பியும் பார்க்காமல், இருக்கட்டும் என்றார். பத்தே முக்காலுக்கு அது வெளியே போனது. குறைந்தபட்சம் நம் நாற்பது பேரை விட்டு இந்த அறிவிப்பைப் பாராட்டவாவது வைக்கலாமா என்று மேலாளர் அவள் காதில் கேட்டார். அவர்கள் எல்லோரையும் காலையில் பஸ்ஸில் வரும்போதே மூடிவிட்டதாக அவள் சொன்னாள். பல் டாக்டரையுமா என்று கேட்டார் பாவம். அவருக்கே அந்த டாக்டர் மேல் ஒரு பிரியம்.

முதல் ஒரு மணி நேரம் வசவு மழை. ரேடார் ஒன்றையும் அழிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினாள், எண் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுப் பேசினாள். மதியத்துக்கு மேல் காற்று திசை மாறியது. தப்பைத் தப்பு என்று சொன்ன முதல் கம்பெனி என்று ஒருவர் எழுத, அதை ஆயிரம் பேர் பகிர்ந்தார்கள். ஆயிரமும் அசல் ஆட்கள். ஒருவரைக்கூட அவள் கூட்டி வரவில்லை.

மூன்று வாரத்தில், விற்ற நாலாயிரம் கெட்டில்களில் ஏறக்குறைய எல்லாமே திரும்பி வந்துவிட்டன. பிரித்துப் பார்த்ததில் அறுநூறுக்கு மேல் விரிசல். அறுநூறு வீடுகளில் யாருடைய காலோ, யாருடைய குழந்தையோ பிழைத்தது. அந்த நாளுக்குப் பிறகு ஒருவர்மேலும் கொதிநீர் கொட்டவில்லை. திருகாணி வைத்த புதுக் கைப்பிடியோடு கெட்டில் மறுபடி வந்தபோது கடைகளில் வரிசை நின்றது. பழுது பார்க்கும் பிரிவுத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் இனி ஒரு சாமானும் வெளியே போகாது என்று முதலாளி உத்தரவு போட்டார். ரேடாரின் மேலாளரோ, எல்லாம் தன் யோசனை என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கண்டுகொள்ளவில்லை. ஜெயித்தது அவள்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அக்காவின் சிகிச்சையையும் கடை முடங்கிய நாட்களையும் கம்பெனி ஏற்றுக்கொண்டது. கட்டுப் பிரித்த வாரத்தில் முதலாளி ரேடாரைக் கூட்டிக்கொண்டு தையற்கடைக்கே வந்துவிட்டார். அக்கா சிரித்த முகத்தோடு இரண்டு வார்த்தை பேசினால் ஒரு விளம்பரப் படம் எடுத்து ஊரெல்லாம் காட்டலாம் என்பது அவர் ஆசை. அக்கா வலது காலைப் பெடலில் வைத்தபடியே தலையாட்டி மறுத்தாள்.

"நான் பேசினப்போ கேக்கல. இப்போ பேசச் சொல்லிக் கேக்குறீங்க. படமெல்லாம் வேணாம் சார். இனி எவ எழுதினாலும், மூடுறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு என்ன ஆச்சுன்னு கேளுங்க. அது போதும் எனக்கு."

மறுநாள் அலுவலகத்தில் அதுவே சட்டமானது. புகார் எழுதியவரோடு பேசாமல் பட்டியலில் எந்த நிறமும் அடிக்கக் கூடாது. அப்படியென்றால் நாம் பிந்திவிடுவோமே, மற்றவர்கள் முந்திக்கொள்வார்களே என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். ரேடார் எழுந்து நின்றாள். அறை முழுக்க அவளைப் பார்த்தது.

"முந்தட்டும் சார். அஞ்சு நிமிஷத்துல பதில் சொல்றதுல நான்தான் கெட்டிக்காரின்னு கால் தரையில படாம திரிஞ்சேன். கேக்காமலே பதில் சொல்றதுக்குப் பேரு திறமை இல்ல. பொய்யான ஆளுங்களை வச்சுப் பாராட்டு வாங்கினா, நிஜமான ஆள் வந்து ஆபத்துன்னு கத்தும்போது நமக்குக் காது கேக்காது. அன்னைக்கு எனக்குக் கேக்கல. இனிமே கேக்கும்."