அன்னம்மாளுக்கு ஓர் இலை

என் புருஷனின் முதல் பெண்டாட்டிக்குப் புடவை எடுத்ததும் நான்தான், பால் கொழுக்கட்டை செய்ததும் நான்தான். சுமங்கலியாகப் போனவளுக்குப் பூவாடைக்காரி படையல் போடாமல் எங்கள் திண்டிவனத்துப் பக்கத்தில் கல்யாணம் கிடையாது. கடல் தாண்டி போர்ட் பிளேருக்கு வந்து, டெய்ரி ஃபார்ம் பகுதியில் வீடு கட்டியும் அது எங்களை விடவில்லை.

அன்னம்மாள் போனபோது அவள் மகள் நீலாவதிக்கு ஆறு வயது. அடுத்த வருஷம் நான் இரண்டாந்தாரமாக வந்து, இங்கே ஜஹாஜ் என்கிற கப்பலிலிருந்து இறங்கினேன். அன்றிலிருந்து அவள் வாயால் ஒரு தடவையாவது 'அம்மா' என்று கேட்டுவிடக் கிடந்து தவித்தேன். அவளுக்கு நான் சித்திதான். அம்மா செய்கிற பால் கொழுக்கட்டை பிடிக்கும் என்று சின்ன வயதில் ஒருமுறை சொன்னாள். விடுவேனா? பொங்கல், தீபாவளி, பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் அதையே செய்தேன். வெல்லத்தைக் கூட்டினேன், குறைத்தேன், தேங்காய்ப்பாலை மூன்று தரம் பிழிந்தேன். இரண்டு வாய் தின்பாள். "நல்லாருக்குது சித்தி" என்று கிண்ணத்தைத் தள்ளிவைப்பாள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செத்தவளோடு எப்படி மல்லுக்கட்டுவது?

நீலாவதிக்கு வாய்த்த மாப்பிள்ளை வீட்டார் பட்டாளத்திலிருந்து வந்து, தெற்குக் கோடித் தீவான கேம்பல் பேயில் குடியேறியவர்கள். தாலி ஏறிய கையோடு கப்பலேறினால் அவள் திரும்பி எப்போது வருவாளோ தெரியாது. எனக்கு மிச்சமிருந்தது இந்தப் படையல் ஒன்றுதான்.

படையலுக்குச் செய்வதை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. கண்ணளவிலேயே எல்லாம் போட்டு, அடுப்பை விட்டு நகராமல் கிண்டி இறக்கினேன். இலையில் பரிமாறி, புடவையும் பூவும் வைத்துச் சூடம் காட்டினோம். அன்னம்மாள் வந்து சாப்பிட வேண்டும் என்று வெளியே வந்து கதவைச் சாத்தினோம். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தபோது கருகல் வாசனை வந்தது. விளக்குத் திரியாக இருக்கும் என்று நினைத்தேன்.

படைத்த புடவையை உடுத்திக்கொண்டு நீலாவதி இலை முன்னால் உட்கார்ந்தாள். ஒரு கொழுக்கட்டையை வாயில் போட்டவள் மெல்லாமல் அப்படியே இருந்தாள். பிறகு இரண்டு கையாலும் இலையை வழித்துத் தின்னத் தொடங்கினாள். என் புருஷன் நாகரத்தினம் ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தார். அவர் முகம் வெளுத்துப்போனது.

"அவளுக்குப் பொறுமை கிடையாது. எப்பவும் அடிபிடிக்க விட்டுடுவா. சுரண்டி அதுலயே கலந்துடுவா" என்றார்.

இத்தனை வருஷமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். செத்தவளின் குறையை உன்னிடம் எப்படிச் சொல்வது என்றார்.

பின்பக்கச் சமையல் கொட்டகைக்கு ஓடினேன். மிச்சம் சட்டியிலேயே இருந்தது. அகப்பையால் அடியைச் சுரண்டிப் பார்த்தேன். ஒரு கறுப்புப் பொட்டு இல்லை. வாயில் போட்டேன். எப்போதும்போல என் கொழுக்கட்டைதான். பயத்தில் அகப்பையைப் போட்டுவிட்டேன்.

திரும்பி வந்தபோது நீலாவதி நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் நீர்.

"அம்மா" என்றாள்.

பயமெல்லாம் எங்கே போனதோ. "சொல்லும்மா" என்று ஓடிப்போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

அவள் தலையைச் சாய்த்து, என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"கொஞ்சம் நகருங்க சித்தி" என்றாள்.