பச்சைக்கரை

செலின் மேரி மூட்டையை அவிழ்த்தபோது காய்ந்த ஏரிச்சேற்றின் வாடை குப்பென்று வந்தது. உள்ளே ஒன்பது வயதுப் பெண்ணின் துணிகள். இரண்டு பாவாடை, ஒரு பள்ளிக்கூடச் சட்டை, அடியில் தனிப் பொட்டலமாக முடிச்சுப் போட்ட சிவப்பு கவுன். பாகூரிலிருந்து பஸ் மாறி ஒதியம்பட்டு வந்து மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போன ஆதிலட்சுமி, அந்தப் பொட்டலத்தை மட்டும் தொடவேயில்லை.

"அது ஆஸ்பத்திரியில குடுத்தது. நான் பிரிச்சே பாக்கல. எல்லாத்தையும் வச்சி ஒரு படம் தச்சிக் குடு. எம்பொண்ணு ஏரிக்கரையில நிக்கிற மாதிரி."

மகள் விஜயகுமாரி ஏரியில் முழுகிச் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அது எழுபத்தெட்டாம் வருஷம். செலினுக்கு ரவிக்கை தைப்பதுதான் பிழைப்பு. வெட்டி மிஞ்சும் துண்டுகளைத் தூர எறிய மனம் வராமல், பழைய புடவையை நடுவில் மெத்தையாகக் கொடுத்து, ஒரு முழ அகலத்தில் படங்கள் தைப்பாள். மரம், மாட்டுவண்டி, படகு. ஜிகினாவும் பாசிமணியும் லேஸும் வைத்துத் தைத்த அவற்றை வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவில் விற்பாள். ஆதிலட்சுமி அங்கேதான் பார்த்திருக்கிறாள்.

செத்த பிள்ளையின் துணியை வெட்டுவது செலினுக்கு அதுவே முதல் தடவை. சிலுவை போட்டுக்கொண்டு கவுனை அலசினாள். முதுகுப் பக்கம் கொக்கி அறுந்த இடத்தில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. அதில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துணிக் கிழிசல், ஓரத்தில் பச்சைக் கரையோடு, மாட்டிக்கொண்டிருந்தது. ஏதோ ஒட்டுத்துணி என்று எடுத்துக் காயப்போட்டாள்.

நான்கு பகல் தைத்தாள். வழக்கமாகத் துணி அவள் சொன்னபடி கேட்கும். இந்தத் தடவை கேட்கவில்லை. நீலப் பாவாடை ஏரியானது. ஜிகினாவை எப்படித் தைத்தாலும் தண்ணீர் மினுங்காமல் இருட்டியே கிடந்தது. செருப்புக்கு வைத்திருந்த கறுப்பு ரெக்சின் ஒரு காலுக்குத்தான் போதுமானதாக இருந்தது. மற்றொரு காலை வெறுமனே விட்டாள். வெள்ளைத் துண்டைக் கொக்காக வெட்டினாள். பச்சைக் கரை அதன் காலடியில் புல்லாக நின்றது. தூரத்தில் வைக்கத்தான் நினைத்தாள். எங்கு வைத்துப் பார்த்தாலும் பொருந்தவில்லை. கடைசியில் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால், கொக்கு கழுத்தைக் குனித்துக்கொண்டு நின்றபோதுதான் படம் நிறைந்தது. நிறைந்ததும் ஏனோ அதைப் பார்க்கப் பிடிக்காமல் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

ஆதிலட்சுமி வந்து படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு சொன்னா உனுக்கு?"

"இன்னாக்கா?"

"ஒத்தச் செருப்போடதான் தூக்கியாந்தாங்க. ஊருக்கு வெளிய யாருக்கும் தெரியாதே."

"சத்தியமா யாரும் சொல்லலக்கா. துணி பத்தல."

ஆதிலட்சுமியின் விரல் பிள்ளையைத் தடவிக்கொண்டே போய்க் கொக்கின் காலடியில் நின்றது. பச்சைக் கரையை நகத்தால் நெருடினாள்.

"இது ஏது? நான் இத குடுக்கலியே."

"கவுனு ஊக்குல மாட்டிக் கெடந்துச்சி. வேணாம்னா பிரிச்சிட்றேன்."

"வேணாம்." அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. "எங்கூட்டுக்காரரு வேட்டி இது. புள்ள போன அன்னிக்கு அவரு கடலூரு போயிருந்தாராம், அங்க வேலியில மாட்டிக் கிழிஞ்சிச்சின்னு சொன்னாரு."

"காப்பாத்தப் போயி இழுத்திருப்பாரோ என்னவோக்கா…"

"அப்புடின்னா சொல்லியிருப்பாரே."

ஆதிலட்சுமி படத்தைச் சுருட்டாமல், கைக்குழந்தையைப் போல மார்பில் அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். யாரிடமாவது சொல்ல வேண்டுமா என்று செலின் யோசித்தாள். என்னவென்று சொல்வது? ஒரு விரல் துணி. கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஒரு வாரமாகத் துண்டுத்துணிப் பெட்டியைத் திறக்கவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் மிஷினில் குனிந்திருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆள். வெயிலில் வந்தும் வியர்வையில்லாத முகம். கையில் அந்தப் படம்.

"இத தச்சது நீதானம்மா? பாகூர்ல இருந்து வர்றேன். சாமிக்கண்ணு. ஆதிலட்சுமி வூட்டுக்காரன்."

"அக்கா வரலியாண்ணே?"

"நாலு நாளா அவளக் காணோம். நான் சோறு துன்ற எடத்துக்கு எதிர்ல இத மாட்டிட்டுப் போயிருக்கா." படத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். பிள்ளைக்குப் பின்னால், கொக்கு இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. கத்தரிக்கோலால் நிதானமாக, புல்லோடு சேர்த்து வெட்டி எடுத்திருந்தது. "இங்க இன்னா இருந்திச்சி?"

"கொக்கு."

"இன்னா கலரு?"

"கொக்கு வெள்ளதானேண்ணே."

"வெறும் வெள்ளயா?"

மிஷின் சக்கரத்தைப் பிடித்திருந்த செலினின் கை நகரவில்லை. துண்டு இப்போது எங்கே, யார் கையில் இருக்கும் என்று அவளால் யோசிக்க முடிந்தது. அதை முகத்தில் காட்டக்கூடாது என்பதும் தெரிந்தது.

"வெறும் வெள்ளதான்."

அவன் நம்பினானா தெரியவில்லை. உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. எதையோ நினைத்தவனாக, படத்தின் பின்பக்கத்திலிருந்து ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டே நின்றான். இருட்டிய நீலத்தின் கரையில், ஒற்றைச் செருப்போடு நின்ற பிள்ளையின் முதுகுக்குப் பின்னால், அந்த விரல் மெல்லக் குனிந்தது, நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது.