எனோராவின் மூன்றாவது வால்வு

அன்று படகுப் பட்டறையில் இருந்தவர்கள் மூன்று பேர். பட்டறையின் சொந்தக்காரி சோவாசிக், படகு மெக்கானிக் கூல்வென், பிறகு ஆர்மெல் கெர்லோ ஆகிய நான். ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி, வயது எழுபத்து நான்கு. நான்காவதாக யாரும் இல்லை. இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் துறைமுனைக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். கெர்லோ குடும்பத்தின் சார்பில் இன்னொருவர் வந்திருக்கவும் முடியாது. என்னைத் தவிர அந்தக் குடும்பத்தில் இப்போது யாரும் இல்லை.

என் தம்பி புதோக் பிப்ரவரியில் இறந்தான். அவன் எழுதி வைத்த காகிதத்தில் ஒரே வரி இருந்தது: "பாய்மரப் படகு எனோரா என் அண்ணனுக்கு." எனோரா எங்கள் அம்மாவின் பெயர். அதுவரை நான் எந்தப் படகுக்கும் சொந்தக்காரனாக இருந்ததில்லை. நாற்பது வருடம் மற்றவர்களின் படகுகளில் ஏறிச் சோதனை போட்டிருக்கிறேன், அது வேறு.

எனோராவை முந்தைய நவம்பரில் கடல் கொண்டுபோயிருந்தது. புயலில் அல்ல. காற்றே இல்லாத ஒரு நாளில், ஆற்றுவாயில் மிதவையில் கட்டிக் கிடந்தபடியே நிரம்பி அமிழ்ந்தது. இரண்டு நாள் முன்புதான் புதோக் காப்பிக்கடையில் சைடர் என்ற ஆப்பிள் மது குடித்துவிட்டு, சின்னத் தோணியில் படகுக்குப் போய் ஏதோ வேலை பார்த்துவிட்டுப் பாடிக்கொண்டே திரும்பியிருந்தான். தூக்கித் தண்ணீரை இறைத்தபோது, பாத்திரம் கழுவும் சமையல் தொட்டியின் ரப்பர் குழாய் தனியாக மிதந்தது. அது போதும் இந்தத் துறைமுகத்துக்கு. 'கெர்லோ வீட்டு இளையவன் போதையில் குழாயைக் கழற்றிப்போட்டு கடலுக்குத் திறக்கிற வால்வை மூட மறந்துட்டான்' என்றார்கள். படகை மூழ்கடித்த குடிகாரன். எங்கள் அப்பா உயிர்காப்புப் படகில் இருபது வருடம் போனவர். அந்தப் பெயருக்கு இப்படி ஒரு வால்.

நானும் அதை நம்பினேன். அதை மறைக்கப்போவதில்லை. அவன் வீட்டு வாசலில், உள்ளே போகாமல் நின்று கேட்டேன்.

"மூடினியா இல்லையா?"

"மூடினேன், அண்ணே."

"அப்ப தண்ணி எங்கேருந்துடா வந்துச்சு?"

அவன் என்னைப் பார்த்தான். பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். அதற்குப் பிறகு நான் அவனைப் பார்த்தது சவப்பெட்டியில்.

ஆகவே மார்ச் மாதத்தில் நான் பட்டறைக்குப் போனது படகை ஓட்டுவதற்கல்ல. எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. வால்வின் கைப்பிடி குழாயோடு நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது. குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. அது எப்படி இருக்கிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும்.

முட்டுக்கட்டைகளின் மேல் எனோரா சாய்ந்து நின்றது. பாய்மரம் கழற்றப்பட்டு, அடிவயிறெல்லாம் ஒட்டுச்சிப்பியான கொட்டலசும் காய்ந்த பாசியும். நான் டார்ச், பூதக்கண்ணாடி, ரப்பர் கையுறை, எழுதிய பட்டியல் எல்லாம் கொண்டு போயிருந்தேன். டையும் கட்டியிருந்தேன்.

கூல்வென் ஏணியில் சாய்ந்து சிரித்தான். "என்ன ஆபீசரே, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"படகு பார்க்க வந்தேன்."

"பாத்துக்குங்க. அவளுக்கு வயசு நாப்பத்தாறு, அடியில அஞ்சு ஓட்டை. நம்ம ஊர்ல இதைவிட மோசமான சம்பந்தம் எல்லாம் நடந்திருக்கு."

"சும்மா இரு கூல்வென்," என்றாள் சோவாசிக். என்னிடம், "முதல் தடவை படகு வாங்குறவங்க எல்லாரும் பாயைத்தான் பாப்பாங்க ஐயா. நீங்க நேரா அடிக்குப் போறீங்க. நல்லது. படகு மூழ்குறது அடியாலதான்" என்றாள்.

வெளியிலிருந்து தொடங்கினோம். படகின் அடியில் கடலுக்குத் திறக்கும் துளை ஒவ்வொன்றிலும் ஓர் உலோகக் குழாய்வாய் இருக்கும். உள்ளே அதன் மேல் ஒரு வால்வு. கூல்வென் கத்தி முனையால் ஒவ்வொன்றையும் சுரண்டிக் காட்டினான்.

"மஞ்சளாத் தெரியுது பாருங்க. வெண்கலம். இன்னும் அம்பது வருஷம் வரும். சுரண்டினா ரோஸ் கலர்ல வந்துச்சுன்னா முடிஞ்சுது கதை. பித்தளைன்னு அர்த்தம். உப்புத் தண்ணி அதுல இருக்கிற துத்தநாகத்தத் தின்னுட்டு வெறும் செம்பை விட்டுடும். பாக்க முழுசா இருக்கும், தொட்டா பிஸ்கட்டு."

"பார்த்தால் வித்தியாசம் தெரியாதா?"

"பாலிஷ் போட்டுக் கடையில வெச்சா உங்களுக்குத் தெரியாது. எனக்கே சுரண்டினாத்தான் தெரியும்."

முதல் துளை மஞ்சள். இரண்டாவதும் மஞ்சள். மூன்றாவதில் மர ஆப்பு அடித்திருந்தது. சமையல் தொட்டியின் துளை.

"இது நான் அடிச்சது," என்றான் கூல்வென். "கடல் வத்தினப்போ முழங்கால் சேத்துல நின்னு, வெளியேருந்து அடிச்சு, தண்ணிய இறைச்சு, இழுத்துட்டு வந்தோம். அடுத்த ஓதம் வர்றதுக்குள்ள முடிக்கணும். உள்ள வால்வ யாரு பாத்தா?"

"அப்படியானால் வால்வு திறந்திருந்தது என்று யார் சொன்னது?"

கூல்வென் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "எல்லாரும் சொன்னாங்க."

ஏணியில் ஏறி உள்ளே இறங்கினோம். நான் அந்தப் படகறைக்குள் காலடி வைத்தது அதுதான் முதல்முறை. படகை வாங்கியதிலிருந்து பதினோரு வருடமாக ஒவ்வொரு கோடையிலும் புதோக் கூப்பிட்டிருக்கிறான். வேலை இருக்கிறது என்பேன். ஓய்வுபெற்ற பிறகும் அதையே சொன்னேன்.

ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் நூலில் கட்டிய மர ஆப்பு ஒன்று தொங்கியது. குழாய் உடைந்தால் தேடாமல் அடிப்பதற்காக. இங்கே ஒழுங்கான படகுக்காரர்கள் எல்லோரும் செய்வது. தொட்டிக்குக் கீழே இருந்த பெட்டி முழுக்கச் சேறு காய்ந்து அடையாக இருந்தது. அதன் மேல் இரண்டு ஆப்புகள் துருத்திக்கொண்டிருந்தன.

"ரெண்டு கட்டியிருக்கான்," என்றாள் சோவாசிக். "மத்ததுக்கெல்லாம் ஒண்ணுதானே?"

"இது மேல அவனுக்கு நம்பிக்கை இல்ல போல," என்றான் கூல்வென்.

அவன் கரண்டியை எடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன். மண்டியிட்டு நானே தோண்டினேன். டை சேற்றில் புரண்டது. முதலில் ஒரு சிவப்புக் கைப்பிடி தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தோண்டியதும் வால்வு அப்படியே என் கையோடு வந்துவிட்டது, எதிலும் மாட்டியிராமல். அடியில் மரை இருக்கும் இடத்தில் முறிந்திருந்தது. முறிந்த விளிம்பு ரோஜா நிறம்.

கைப்பிடி குறுக்கே இருந்தது.

கூல்வென் அதைத் திருப்பிப் பார்த்தான். அசையவில்லை. உப்பும் சேறும் பிடித்துக் கல்லாகியிருந்தது. "மூடித்தான் வெச்சிருக்கான்," என்றான் மெல்ல. "குழாய மாத்தக் கழட்டினவன் வால்வ மூடிட்டுத்தான் போயிருக்கான். வால்வே அடியோட ஒடிஞ்சு தண்ணி வந்திருக்கு."

சோவாசிக் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். "பாவி மனுஷங்க. நாங்களுந்தான். என்னல்லாம் பேசினோம்."

அந்த நொடியில் என் தம்பியின் பெயர் கழுவப்பட்டது. நான் தலைநிமிர்ந்து எழுந்து நின்றிருக்க வேண்டும். எழவில்லை.

கூல்வென் வால்வை வெளிச்சத்தில் பிடித்தான். "ஆனா இது என்ன கூத்து? இது வீட்டுச் சமையல்கட்டு வால்வு! பித்தளை! புதோக் நாப்பது வருஷம் இன்ஜின் பாத்தவன். ஒருத்தன் தோணில பித்தளை ஆணி அடிச்சதுக்கே அவனக் கிழிகிழின்னு கிழிச்சான். அவன் போய் இத மாட்டுவானா? காசு மிச்சம் புடிச்சிருக்கான் கஞ்சன்!"

நான் அதை அவனிடமிருந்து வாங்கினேன். சேற்றைத் துடைப்பதுபோல் கட்டை விரலால் அதன் பக்கவாட்டைத் தேய்த்தேன். விரலுக்கடியில் அந்த எழுத்துகள் தட்டுப்பட்டன. எ.கெ. எனோராவும் கெர்லோவும். பதினோரு வருடங்களுக்கு முன்னால் என் மேசையில் வைத்து, உளியால் நானே பொறித்தவை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குடும்பத்தில் ஒருவர் படகு வாங்கி முதல்முறை தண்ணீரில் இறக்கும்போது, வீட்டின் மூத்தவர் அதற்கு ஓர் உலோகப் பொருள் கொடுப்பார். அது படகில் பொருத்தப்பட வேண்டும், பிறகு அதைக் கழற்றக் கூடாது. தாத்தா அப்பாவுக்கு மணி கொடுத்தார். அப்பா, சித்தப்பா மகனுக்குத் திசைகாட்டி கொடுத்தார். நான் மணியும் கிணியும் பகட்டு என்று நினைத்தேன். உபயோகமான பொருளாக இருக்கட்டும் என்று பிரெஸ்ட் நகரத்தில், குளியலறைச் சாமான்கள் விற்கும் பெரிய கடையில், இருந்ததிலேயே பளபளப்பான வால்வை வாங்கினேன்.

புதோக் அதைக் கையில் வாங்கி, நகத்தால் ஒரு கோடு இழுத்தான். என்னைப் பார்த்தான். "நல்லாப் பளபளன்னு இருக்கு, அண்ணே" என்று சிரித்தான். அன்றைக்கே பொருத்தினான். அவன் நகத்தால் ஏன் கோடு இழுத்தான் என்று பதினோரு வருடம் கழித்து, அந்தப் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. வாசலில் நான் கேட்ட கேள்விக்கு அவன் ஏன் பதில் சொல்லவில்லை என்பதும்.

"என்ன ஐயா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்றாள் சோவாசிக்.

"குளிர்," என்றேன். விரலை எடுக்கவில்லை.

அவர்கள் சாப்பிடப் போனார்கள். சோவாசிக் கோதுமை ரொட்டியும் சூப்பும் இருக்கிறது என்று கூப்பிட்டாள். பிறகு வருகிறேன் என்றேன். படகறையில் இருந்த இரண்டு படுக்கைகளில் ஒன்றில் அவன் உடம்பின் பள்ளம் இருந்தது. மற்றது, சேறு படிந்திருந்தும், யாரும் படுக்காததுபோல் தட்டையாக இருந்தது. நான் அதில் உட்கார்ந்தேன். எதிரே கொக்கியில் இரண்டு கோப்பைகள். ஒன்றின் உள்ளே மட்டும் கடல்நீராலும் போகாத காப்பிக்கறை. மேலே காகங்கள் கூரைத்தகரத்தில் நடக்கும் சத்தம் கேட்டது. என் பட்டியலில் நான்காவது, ஐந்தாவது துளைகள் பாக்கி இருந்தன. எழுந்து வெளியே இறங்கிப் போய் இரண்டையும் சுரண்டிப் பார்த்தேன். மஞ்சள். இரண்டுக்கும் எதிரே பேனாவால் குறித்தேன். பிறகு வால்வைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன்.

நான்கு நாள் அது என் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. இரண்டு பேருக்கான மேசை அது. எதிரே வால்வு, இந்தப் பக்கம் நான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காப்பிக்கடை வழியாக நடந்தேன். கதவு திறந்திருந்தது. கூல்வெனின் குரல்: "குடிகாரன் இல்லப்பா, கஞ்சன்! வீட்டுக் குழாயக் கடல்ல மாட்டினவன் உலகத்துலேயே அவன் ஒருத்தன்தான்!" சிரிப்பு. ஒருவன் தன் வீட்டுக் கழிவறைச் சங்கிலியை நங்கூரத்துக்குப் போடப்போவதாகச் சொன்னான். இன்னும் பெரிய சிரிப்பு.

நான் உள்ளே போனேன். எங்கள் குடும்பத்தில் நான் அந்தக் கடைக்குள் போகாதவன். அது எல்லோருக்கும் தெரியும். சத்தம் அடங்கியது. வால்வைப் பையிலிருந்து எடுத்து, எழுத்து மேலே தெரியும்படி கல்லாமேசையில் வைத்தேன்.

"வாங்க ஆபீசரே," என்றான் கூல்வென். "பாத்தீங்களா, உங்க தம்பி பண்ணின…"

"இதில் என்ன எழுதியிருக்கிறது? படி."

அவன் குனிந்து பார்த்தான். "எ.கெ."

"யார் கையெழுத்து?"

சுங்கத்தில் இருந்தபோது நான் அவனுக்கு எழுதிக்கொடுத்த அபராதச் சீட்டுகள் ஏராளம். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "உங்களோடது, ஆபீசரே," என்றான்.

நான் சொன்னேன். அங்கே சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். புதோக் கெர்லோ கஞ்சத்தனத்தால் வீட்டு வால்வைப் படகில் மாட்டினான் என்று துறைமுகத்தில் சொல்கிறார்கள். அது பொய். வாங்கியது நான். மூத்தவன் கொடுத்தது என்பதால் அவன் அதைக் கழற்றவில்லை. நவம்பர் மாதத்தில் அவன் அதை மூடிவிட்டுத்தான் கரைக்கு வந்தான்.