அளவுச் சீட்டு இல்லாத கோட்டு

கோர்ட்டிலிருந்து ஜப்திக்கு வந்த அம்மா முதலில் வாடிக்கையாளர் உட்காரும் சோபாவில் ஒரு சீட்டை ஒட்டினார். பிறகு நிலைக்கண்ணாடியில், பிறகு சுவர்க் கடிகாரத்தில். சீட்டு ஒட்டியதெல்லாம் ஏலத்துக்குப் போகும். தையல் இயந்திரத்தை மட்டும் தொடவில்லை. பிழைப்புக்கு வேண்டியதைச் சட்டம் விட்டுவைக்கிறதாம். தையல்காரர் வேறு யாருடைய கடையிலோ நடப்பதைப் பார்ப்பதுபோல் நின்றிருந்தார்.

மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர் கையெழுத்துப் போட்ட தாள் என்னவோ வெள்ளையாகத்தான் இருந்தது. மனைவி தலையில் ரத்தக்குழாய் வெடித்து ஆஸ்பத்திரியில் படுத்துப் பதினோரு மாதம். பெரும்பாலும் தூக்கம்தான்; எப்போதாவது கண் திறந்து, அவர் விரல்களையே பார்ப்பாள். ஆஸ்பத்திரிக் கடன் கழுத்தை நெரித்தபோது, திவால் மனு போட்டால் இருப்பதை விற்று மீதிக் கடனைத் தள்ளிவிடுவார்கள் என்றார் வக்கீல். சூதாடித் தோற்றவனுக்கும் இதே படிவம்தானா என்று இவர் கேட்டார். இதேதான் என்றார் வக்கீல். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஜன்னல் காற்றில் கொடித் துணிகள் மெல்லத் திரும்பின. தலையில்லாத ஒரு கூட்டம் அவருக்காக வந்து நிற்பதுபோல் இருந்தது. அந்த அம்மா ஒவ்வொரு துணியிலும் அளவுச் சீட்டைத் தேடினார். பேரும் அளவும் டெலிவரி தேதியும் இருந்தால் அது வாடிக்கையாளருடையது, விட்டுவிடுவார். கடைசியில் பட்டு உள்துணி வைத்த பச்சைக் கோட்டு. அதில் சீட்டு இல்லை.

"இது யாரோடது?"

"என் வீட்டுக்காரியோடது. வீட்டுக்கு வரும்போது போட்டுக்கட்டும்னு தச்சேன்."

முப்பது வருஷமாகச் சீட்டு எழுதாமல் அவர் ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை. மனைவிக்கு மட்டும் எழுதியதே இல்லை. அவள் அளவு கையிலேயே இருந்தது.

"அவங்க கைக்குப் போகலைன்னா உங்க சொத்துதான். அளவுச் சீட்டு இருந்தா விட்டுட்டுப் போயிடுவேன்."

"நான் சீட்டாடித் தோக்கலம்மா."

"கடன் எவ்வளவுன்னுதான் சட்டம் கேக்கும். ஏன் வந்துச்சுன்னு கேக்காது," என்றார் அந்த அம்மா. சொன்னது அவருக்கே பிடிக்கவில்லை போலிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன், இந்தக் கொடியை மறுபடி முதலிலிருந்து பார்க்கிறேன் என்று வெளியே போனார். தண்ணீர்ப் பானை உள்ளேதான் இருந்தது.

தையல்காரருக்குப் புரியச் சற்று நேரமானது. சீட்டுக் கட்டை எடுத்தார். பேருக்கு நேரே 'வீட்டுக்காரி' என்று எழுதினார். தோள், மார்பு, கை நீளம் என்று பேனா தானாக ஓடியது. இடுப்பில் நின்றது. நேற்று போர்வையைச் சரி செய்தபோது அவள் இடுப்பு அவர் இரு கைக்குள் அடங்கிவிட்டது. கொஞ்சம் யோசித்து, பழைய அளவையே எழுதிக் கோட்டில் குத்தினார்.

அந்த அம்மா திரும்பி வந்து முதல் துணியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். பச்சைக் கோட்டருகே நின்று சீட்டைப் படித்தார்.

"டெலிவரி தேதி போடலையே."

சொன்ன தேதி தவறாதவர் என்று தையல்காரருக்குப் பேர். சீட்டைக் கழற்றி மேஜையில் வைத்துப் பேனாவை ஊன்றினார். அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. முனை நின்ற இடத்தில் மை ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது. கொடியில் கோட்டின் ஒரு கை மட்டும் காற்றில் எழுந்து தணிந்தது.