போன வழியே திரும்பாத வண்டி

மூன்று முறை அறைந்தும் வேனின் பின்கதவு சாத்திக்கொள்ளவில்லை. அண்ணன் உடலைக் கிடத்தியிருந்த பலகை அரையடி நீளம் கூடுதல். தம்பி உள்ளே ஏறி, பலகையைச் சற்றுக் குறுக்காகச் சாய்த்து, அண்ணனின் தலைப்பக்கத்தை முன்சீட்டுவரை தள்ளினான். நான்காவது முறை கதவு சாத்திக்கொண்டது. சின்ன ஆஸ்பத்திரி நர்ஸ், "பாத்துப் போங்க" என்றாள். நேற்று மத்தியானம் அவள் சொன்னது வேறு. "ஒரு மணி நேரம் முன்னாடியே துறைமுகத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா..." என்று ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அந்த வாக்கியத்தை அப்போதிலிருந்து அவன்தான் முடித்து முடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தீவைச் சுற்றி ஒரே ரோடு. அதில் ஆறு ஊர். இருபத்திரண்டு வருஷமாகத் தம்பி ஓட்ட, அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சுற்றிப்பார்க்க வந்தவர்களுக்கு மலையையும் கடலையும் காட்டினார். ஊர்க்காரர்கள் அண்ணனுக்கு ரேடியோ என்று பேர் வைத்தார்கள். தம்பிக்கு சைலன்சர். கடவுள் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துக் கொடுத்த வாயை மூத்தவர் மொத்தமாக எடுத்துக்கொண்டார் என்று பேச்சு.

காலை எட்டு மணிக்குத் துறைமுகத்தில் ஆள் ஏறியதும் அண்ணன் சொல்லும் முதல் வாக்கியம் மாறவே மாறாது. "இது போன வழியே திரும்பாத வண்டிங்க. பாத்த இடத்த மறுபடி காட்ட மாட்டேன். அதனால இப்பவே நல்லாப் பாத்துக்குங்க." சொன்னபடி நடப்பார். இரண்டாம் ஊரில் செருப்பை விட்டுவிட்டு வந்த ஒரு அம்மாளை மிச்ச நாலு ஊருக்கும் வெறுங்காலோடு இறக்கி ஏற்றினாரே தவிர, வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை.

அண்ணி விடியற்காலை மீன் லாரியில், துறைமுகத்திலிருந்து ஆறாம் ஊர் வழியாக இந்த ஐந்தாம் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்திருந்தாள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் அண்ணன் உட்காரும் மடக்குச் சீட்டு, வந்தவர்களைப் பார்த்துப் பேசத் தோதாகப் பின்பக்கம் பார்த்துப் போட்டது. அவள் அதிலேயே ஏறி உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார வேறு இடம் கிடையாது.

தம்பி ஆறாம் ஊர்ப் பக்கம் வண்டியைக் கிளப்பினான்.

"தம்பி, அவர் நேத்து வந்த வழியாப் போலாம்" என்றாள் அண்ணி.

"அது சுத்து அண்ணி. ரெண்டு மணி நேரம் ஆகும். வீட்ல எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க."

"காத்திருக்கட்டும். நான் இருபத்திரண்டு வருஷம் காத்திருக்கலையா?"

நாலு அறை லாட்ஜ், தங்க வருகிறவர்களுக்குச் சமையல், மூட்டை மூட்டையாகப் போர்வை துவைப்பது என்று அவள் துறைமுகத்தெருவைத் தாண்டியதே கிடையாது. இந்த சீசன் முடியட்டும், உன்னை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று அண்ணன் வருஷா வருஷம் சொன்னார். சீசன்கள் முடிந்துகொண்டுதான் இருந்தன.

ஆனால் நேற்று வந்த வழியில் மூன்றாம் ஊர் இருக்கிறது. மூன்றாம் ஊரில் சோடாக்காரம்மா இருக்கிறாள். அவள் கண்ணெதிரில் நடந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அம்மாள் அதை அண்ணியிடம் சொல்லிவிட்டால்? வேறு வழியின்றி வண்டியைத் திருப்பினான். ரோடு குறுகல், நாலு தடவை முன்னும் பின்னும் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்தபோது கண் எரிந்தது.

நான்காம் ஊரைத் தாண்டி, கடலுக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் கருப்புப் பாறை வந்தது. வண்டி நின்றது. அவன் நிறுத்தவில்லை, கால் நிறுத்தியது. பழக்கதோஷத்தில் கை இன்ஜினையும் அணைத்தது. மைக்கில் சத்தம் வரும் என்று ஒரு நிமிஷம் காத்துக்கொண்டிருந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. சாவியைத் தேடினான்.

"இங்க என்ன சொல்லுவாரு?" என்று அண்ணி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி. சும்மா ஏதாவது."

"சொல்லுங்க தம்பி."

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கீழ தெரியுற ஊர்ல கூரை மேல எல்லாம் பழைய வலையப் போட்டு, கல்லு கட்டித் தொங்க விட்டிருக்காங்க பாருங்கன்னுவாரு. காத்து வந்தா வீடு பறந்துடும், மாமியார் மட்டும் பறக்க மாட்டாங்கன்னுவாரு. எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் கடலுக்கு இறங்குற படிக்கட்டக் காட்டி முன்னூத்திப் பன்னெண்டு படின்னுவாரு."

"முன்னூத்திப் பன்னெண்டா?"

"ஒருநாள் அப்படி. இன்னொரு நாள் நானூறு. அவர் எண்ணினதே இல்ல."

அண்ணி கழுத்தைத் திருப்பிக் கீழே பார்த்தாள். வலை போர்த்திய கூரைகள், நடுவே மிச்சமான படகு பெயிண்டை அடித்த சுவர்கள், பாறைக்கு அடியில் வெள்ளையாகப் பொங்கும் தண்ணீர். வெகுநேரம் பார்த்தாள். "பொய் சொல்லலாம், தப்பில்ல. இதப் போயி எவ எண்ணுவா?" என்றாள். பிறகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். வந்ததிலிருந்து அவள் அழுதது அப்போதுதான். தம்பி ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

மூன்றாம் ஊர் நெருங்கியது. நிற்காமல் போய்விடலாம் என்று கியரை மாற்றினான். ஆனால் செய்தி முந்திக்கொண்டு போயிருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். ஆட்டு மந்தையைக்கூட ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். சோடாக்காரம்மா கடையை விட்டு இறங்கி, நேராக அண்ணி பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள்.

"ரேடியோ சம்சாரம் நீதானா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்துப் பதினொரு மணிக்கு இந்த பெஞ்சுலதான் உக்காந்தாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. நெஞ்ச அடைக்குது, சோடா குடுன்னாரு. என் போன வாங்கிப் பேசினாரு. பாதி சோடாவ வச்சிட்டு, எடுத்து வை, திரும்பி வரும்போது குடிக்கிறேன்னுட்டு வண்டிகிட்டப் போனாரு."

தம்பி ஸ்டியரிங்கிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். திரும்பி வரும்போது. அந்த மனுஷன் எந்த ஊரிலும் அப்படிச் சொன்னதில்லை.

"இந்தாம்மா. கொட்ட மனசு வரல." அவள் பாதி சோடா இருந்த பாட்டிலை நீட்டினாள். அண்ணி வாங்கிக்கொண்டாள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கினார்கள். ரேடியோவின் வண்டி முன்னால் அந்த ஊர் வாயடைத்து நின்றது அன்றைக்குத்தான்.

கடைக்கு எதிரே அகலமான மண்தரை. லாரிகூட ஒரே வளைவில் திரும்பலாம். அதைத் தாண்டி நூறு கஜம் வந்ததும் தம்பி வண்டியை ஓரம் கட்டினான். இந்தத் தடவை அவன்தான் நிறுத்தினான்.

"அண்ணி."

அவள் திரும்பவில்லை.

"என்கிட்ட கேட்டாரு அண்ணி. வண்டியில ஏறும்போது. திருப்பிடலாமாடான்னாரு. சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. நான்..." கையைப் பின்பக்கம் காட்டினான். "உள்ள எட்டுப் பேரு உக்காந்திருந்தாங்க. நம்ம வண்டி போன வழியே திரும்பாதே அண்ணேன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. ஏறி உக்காந்துட்டாரு."

வருஷத்துக்கு ஒரு தடவை வாயைத் திறக்கிறவன் அவன். அந்த வருஷத்து வார்த்தை நேற்றைய அந்தக் கேலி. இதைச் சொல்லிவிட்டு, அடி விழும் என்று எதிர்பார்ப்பவனாகக் குனிந்துகொண்டான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

அண்ணி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பலகையில் கிடந்தவரைப் பார்த்தாள்.

"அதுக்கு முன்னாடி போன் பேசினாருல்ல" என்றாள். "என்கிட்டதான். நெஞ்சு வலிக்குது, வந்துடட்டுமான்னு கேட்டாரு. வாயுவா இருக்கும், பாதியில வந்தா பேரு கெட்டுடும், முடிச்சிட்டே வாங்கன்னேன். அடுப்புல பால் பொங்குது, வைக்கிறேன்னு வச்சிட்டேன்."

காற்று வண்டியை லேசாக ஆட்டியது. மலைச்சரிவில் எங்கோ ஒரு ஆடு கத்தியது. அவன் அண்ணியின் முகத்தைப் பார்க்க நினைத்து, பார்க்காமல் சாவியைத் திருப்பினான்.

"மெதுவாப் போங்க தம்பி" என்றாள்.

இரண்டாம் ஊருக்கு இறங்கும் ரோட்டில் பதினேழு வளைவு. அண்ணன் எண்ணிச் சரியாகச் சொன்ன கணக்கு அது ஒன்றுதான். தம்பி ஒவ்வொன்றிலும் வண்டியை மெல்ல ஊரவிட்டு இறக்கினான். அண்ணி ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையில் பாட்டில், சிந்திவிடாமல் அதன் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மூடியிருந்தாள்.