ஓடக் கூடாத எலி

"பூட்டி வச்ச சக்கரம் எப்படிக்கா ரெண்டாயிரம் சுத்து சுத்தும்?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

எலிக்கூண்டு கழுவுகிறவள் வகையாக மாட்டிக்கொண்டாள். பதினெட்டு வருஷம் அதே வேலை. ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் சுற்று எண்ணும் கருவி இருப்பது அவளுக்கா மறக்கும்? மறந்ததே!

ஆராய்ச்சிக்கூடத்தில் இருபத்து நாலு கூண்டு, ஒவ்வொன்றிலும் எலி ஓட ஒரு சக்கரம். பாதிச் சக்கரங்கள் சுற்றும். மீதியைக் கம்பி செருகி நிறுத்தியிருப்பார்கள். பத்தொன்பதாம் கூண்டு எலி அசையாத சக்கரத்தில் ஏறி ஏறி இறங்கியதை அவளால் பார்க்கச் சகிக்கவில்லை. கம்பியை உருவிவிட்டாள்.

"பாவமா இருந்துச்சும்மா."

"போச்சு போங்க! இனிமே இந்த எலி ஓடின கணக்குலயும் சேராது, ஓடாத கணக்குலயும் சேராது."

டாக்டரம்மா வெடுக்கென்று பேசுவாளே தவிர மனசு கெட்டவள் இல்லை. கோபம் ஆறியதும் கம்ப்யூட்டரில் இரண்டு படம் காட்டினாள்.

"மூளையில ஞாபகத்தைப் பாத்துக்கிற இடம் இது. பச்சைப் புள்ளியெல்லாம் புதுசா பொறந்த செல்லு. இது ஓடின எலி. இது கம்பி போட்ட எலி."

முதல் படம் பச்சைப் பசேல் என்று இருந்தது. இரண்டாவதில் இருந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"மனுஷங்களுக்கும் இப்படித்தானாம்மா?"

"அதுல இன்னும் சண்டை ஓயலக்கா. ஆனா நடந்தா மூளைக்கு நல்லதுதான். ஏன், யாருக்கு?"

யாருக்கு? கட்டிய புருஷனுக்குத்தான். முப்பது வருஷம் தெருத்தெருவாக நடந்து தபால் கொடுத்த மனுஷன். ஞாபகம் தப்பியபின் இரண்டு தடவை தொலைந்துபோனார். இரண்டாம் தடவை போலீஸ்தான் கொண்டுவந்து விட்டது. அன்றிலிருந்து அவரை உள்ளே வைத்து, வெளியே பூட்டிவிட்டுத்தான் அவள் வேலைக்கு வருகிறாள். ஏழு மாதம் ஆகிறது. வேலையை விட்டால் இரண்டு பேரும் பட்டினி, வேறென்ன செய்வாள்?

டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொண்டு, மத்தியானமே ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள். பூட்டைத் திறந்தாள். தெருவில் நின்றபடியே கையை நீட்டினாள்.

"ஏங்க, வாங்க. ஒரு நடை போயிட்டு வருவோம். இனிமே தெனமும் போவோம்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

"இல்லம்மா. எம் பொண்டாட்டி வேலைக்குப் போயிருக்கா. அவ வர்ற வரைக்கும் வெளிய போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"ஐயோ, அது நான்தாங்க! என்னைப் பாருங்க!"

பார்த்தார். அவர் முகத்தில் மரியாதை மட்டும்தான் இருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. நான் இல்லைன்னா அவ தவிச்சுப் போயிடுவா."

கதவை மெதுவாகச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.